பவளத்துக்குக் காவல் நின்ற கோழிப்பண்ணை அக்கா

நாமக்கல்லில் பிறந்து, கடலுக்காக ஊரையே பகைத்துக்கொண்ட ஒரே ஆள் எங்கள் தெரு 'சோப்புப் போலீஸ்' அக்காதான். இல்லை என்பவர்கள் என்னிடம் சண்டைக்கு வரலாம். அக்காவுக்கு மோகனூர் ரோட்டில் கோழிப்பண்ணை. என் வீட்டுக்கு எதிர் வீடு. வருடம் ஒருமுறை தன் செலவில் பஸ் பிடித்துத் தெருவையே ராமேஸ்வரம் கூட்டிப்போவார். ஒரு படகில் ஏறும்வரை சாதாரண மனுஷியாகத்தான் இருந்தார்.

மண்டபம் பக்கம், அடியில் கண்ணாடி பதித்த படகு அது. கீழே பவளப்பாறை. நாங்கள் போட்டோ எடுத்தோம். அக்கா கண்ணாடிமேல் குப்புறப் படுத்துவிட்டார். கரை வந்தும் எழவில்லை.

"இதென்னுங்க, இந்தப் பக்கமெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாப்பல வெளுத்துக் கெடக்குது?"

"செத்துக்கிட்டிருக்கும்மா," என்றார் படகுக்காரர். "பாறைன்னு பேருதான், இது உசுரு. கடல் சூடாவுறது பெரிய காரணம். குளிக்க வர்றவங்க பூசுற வெயில் கிரீமும் சேந்து கெடுக்குது. சில கிரீம்ல இருக்குற மருந்து பட்டா குஞ்சுப் பவளம் வளராது."

அக்காவுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் தப்பு மருந்து விழுந்தால் கோழி ஓடில்லாத தோல்முட்டை போடும். "இதுவும் ஓடு கட்டற சீவன்தானுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார். அன்றோடு எங்கள் நிம்மதி போனது.

அடுத்த வருடம் பஸ் கிளம்பியதும் முட்டை அட்டையை ஏந்திக்கொண்டு சீட் சீட்டாக வந்தார். பைகளைக் கவிழ்த்தார். சோப்பு, ஷாம்பு, வெயில் கிரீம், முகத்தில் தேய்க்கும் குருணை கிரீம் எல்லாம் குழிக்கு ஒன்றாக அட்டையில் உட்கார்ந்தன. பதிலுக்கு ஆளுக்கொரு முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் கொடுத்தார். கடலில் இறங்கியபோது மரவள்ளி பிடுங்கப் போகிற கூட்டம் மாதிரி இருந்தோம்.

லாரி புக்கிங் ஆபீஸ்காரர் மட்டும் ஷாம்பு பாக்கெட்டுகளை மடியில் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் ஊர் போர்வெல் உப்புத் தண்ணீரில் நுரை வராது. வரும்வரை ஊற்றித்தான் பழக்கம். அந்த மனிதர் கடலிலும் அதையே செய்தார். நுரைக்கவில்லை. இன்னொரு பாக்கெட்டைக் கிழித்தார். முட்டாள்தனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா? அக்கா அவரைத் துண்டோடு பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுச் சோத்துல ஷாம்பு ஊத்துனா திம்பீங்களா?"

போன வருடம் அக்காவின் ஒரே மகளுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை பெயரைச் சொன்னாலே அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும். சேலத்தில் இருந்த மாப்பிள்ளையின் அம்மாவையும் அக்கா டூருக்கு அழைத்தார். படகிலிருந்து பவளத்துக்குப் பக்கத்தில் இறங்கும் இடம் வந்ததும், சம்பந்தியம்மா கைப்பையிலிருந்து டியூபை எடுத்துக் கழுத்துவரை பூசிக்கொண்டார்.

"சம்பந்தி, அதத் தொடச்சுப்போட்டு எறங்குங்க."

"தோலு கருத்துப் போயிருமுங்க!"

"முழுக்கைச் சட்ட தாரேன், போட்டுக்கங்க."

"நாமக்கல்லுல கடலே இல்ல. உங்களுக்கெதுக்குங்க இந்தக் கவல?"

"முட்ட ஓடு கெட்டியாவ என்ற கோழி திங்கற கிளிஞ்சல் எங்கிருந்துங்க வருது? இத்தன வருசமா கடல் போட்ட சோத்தத்தான் நான் திங்கறேன்."

சம்பந்தியம்மா குரல் ஏறியது. "இந்தக் கல்யாணம் நடக்கோணுமா, வேண்டாமா?"

மகள் அப்படியே விறைத்துப்போனாள். அக்கா மகளைப் பார்த்தார். பிறகு படகின் ஏணிக்கு முன்னால் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"நடக்கோணுமுங்க. ஆனா பூசிக்கிட்டு எறங்கக் கூடாதுங்க."

சம்பந்தியம்மா இறங்கவில்லை. ஊர் திரும்பியதும் 'யோசித்துச் சொல்கிறோம்' என்று தகவல் வந்தது. மகள் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினாள். "பாறைக்காவ புள்ள வாழ்க்கையக் கெடுத்துப்போட்டா" என்றது தெரு. ஓசி பஸ்ஸில் போய்வந்த வாய்கள்!

அக்கா ஒருநாள் என் காரில் ஏறி, "சேலம் போலாஞ்சாமி" என்றார். அந்த வீட்டில் போய்க் கைகூப்பி நின்றார். "உங்கள நாலு பேரு முன்னால பேசுனது தப்புங்க, மன்னிச்சுக்கங்க. கிரீமப் பேசுனது தப்பில்லீங்க."

கதை முடிந்தது என்று கார் சாவியை எடுத்தேன். சம்பந்தியம்மா முறைக்கப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கல்யாணத்தன்னைக்கு சோப்பு, கிரீமுன்னு ஒரு வார்த்த உங்க வாயில வரக்கூடாது. சம்மதமுங்களா?"

"சம்மதமுங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அலங்காரம் செய்ய வந்த பெண் டப்பா டப்பாவாகத் திறந்தாள். மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடையெல்லாம் நுரை பீய்ச்சினார்கள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சீக்குக் கோழி மாதிரி ஒரு மூலையில் நின்றார். மகள் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் அதட்டல் இல்லாத கல்யாணம் எனக்குக் கல்யாணமாகவே படவில்லை.

மறுநாள் காலை பைக்கை அவர் வாசலுக்கு நேராக நிறுத்தி, வேண்டுமென்றே ஷாம்புவைக் கொட்டிக் கழுவினேன். கதவு படாரென்று திறந்தது.

"ஏஞ்சாமி, உனக்கு அறிவிருக்குதா? இந்தத் தண்ணி காவேரிக்குப் போவுது. காவேரி எங்க போவுது?"

கடல் என்னை மன்னிக்கட்டும். அந்தக் குரலைத் திரும்பக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.