ஸ்கெல்பி மைதானத்தின் ஒரே நடுநிலையாளர்

நடுநிலைமை என்ற ஒன்று இந்த உலகத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது என்றால், அது இங்கிலாந்தின் யார்க்ஷயரில், ஸ்கெல்பி கிராமத்துக் கிரிக்கெட் மைதானத்தில், எல்லைக் கயிற்றை ஒட்டிப் போட்ட மடக்கு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் ஹெட்லி சக்டன்.

'பார்வையாளர் நற்பண்புக் குழு'வின் தலைவர் அவர். எதிரணி நான்கு அடித்தால் பலத்த கைதட்டல், நம் அணி அடித்தால் அடக்கமான கைதட்டல் என்று தீர்மானம் போட்டது அவருடைய குழுதான். கைக்குத்தான் தீர்மானம், வாய்க்கு இல்லை. ஆகவே மேவிஸ் அம்மாள் எதிரணிப் பந்துவீச்சாளருக்கு முகமெல்லாம் சிரிப்பாகக் கைதட்டிக்கொண்டே, "இவன் முட்டி கழண்டு விழ!" என்று முனகுவாள். ஹெட்லி அதைக் கண்டிக்க மாட்டார். பண்பு என்பது வெளியில் தெரிவதுதானே?

தன் மகன் கொலினுக்கு அவர் ஒருநாளும் கைதட்டியதில்லை. "பெத்த பிள்ளைக்குத் தட்டினா ஊர் என்னடி சொல்லும்?" என்பார் மனைவி எனிட்டிடம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அன்றைக்கு டன்ஹோம் அணியோடு ஆட்டம். கொலின் தொண்ணூற்றேழில் நின்றான். பதினாறு வருஷமாக மட்டை பிடிக்கிறான், ஒரு சதம்கூட வாய்த்ததில்லை. எனிட் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஹெட்லியின் கவலையோ வேறு. 'நற்பார்வையாளர் கோப்பை'யை எந்த ஊருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துவிட்டுப் போக லீக்கிலிருந்து வந்தவர் பக்கத்து நாற்காலியில் கேக் தின்றுகொண்டிருந்தார். ரகசியமாக வந்திருந்தார்; ஊருக்கே தெரியும்.

கொலின் தூக்கி அடித்தான். பந்து நேரே ஹெட்லியை நோக்கி வந்தது. டன்ஹோம் பையன் ஒருவன் பின்னாலேயே ஓடிவந்து பிடித்தான். பிடித்த வேகத்தில் குதிகால் கயிற்றை மிதித்து, ஹெட்லியின் தேநீர்க் கோப்பையையும் எத்திவிட்டது. அவர் கால்சட்டை முழுக்கத் தேநீர். சந்தேகமே இல்லை, ஆறு ஓட்டம், சதம்!

நடுவருக்கு அங்கிருந்து தெரியவில்லை. தெரிந்தாலும் அவர் சொல் எடுபடாது. கிராமத்து ஆட்டத்தில் மட்டை பிடிக்கிற அணிக்காரனே நடுவராக நிற்பது வழக்கம். அவன் பேச்சை எதிரணி எங்கே நம்பும்?

"ஹெட்லி! நீயே சொல்லுப்பா. உன் வார்த்தைக்கு ரெண்டு அணியும் கட்டுப்படும்!" என்று நடுவர் அங்கிருந்தே கத்தினார்.

பந்தைப் பிடித்த பையன், "ஐயா, வந்து..." என்று வாயெடுத்தான்.

"நீ சும்மா இரு தம்பி." ஹெட்லி எழுந்தார். லீக்குக்காரர் கேக்கைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். ஆறு என்றால், 'மகனுக்காகச் சொல்றான்' என்று நினைத்துவிட மாட்டாரா? தேநீர் சொட்டச் சொட்ட ஹெட்லி முழங்கினார்: "சுத்தமான கேட்ச். அவுட்!"

மைதானமே எழுந்து கைதட்டியது. லீக்குக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொலின் தலையைத் தொங்கப் போட்டபடி வெளியேறினான். எனிட் மட்டும், "அடப்பாவி மனுஷா!" என்றாள், நல்லவேளை, கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மாலையில் நற்பார்வையாளர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஹெட்லியிடம் அந்தப் பையன் வந்தான். பக்கத்தில் கொலின் இருந்தான்.

"ஐயா, நான் கயிறை மிதிச்சேன். அதைச் சொல்லத்தான் வந்தேன், நீங்க முந்திக்கிட்டீங்க. மனசு கேக்கல. இப்பவாவது எல்லார்கிட்டயும் சொல்லிடறேனே?"

ஹெட்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "சொல்லிடாதடா தம்பி! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

கொலின் அந்தப் பையனின் தோளில் கைபோட்டான்.

"நீ சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான், வா போலாம். பெத்த பிள்ளையையே கவுத்த யோக்கியரு, அவரு போய் பொய் சொல்வாரா?"