அத்தாவின் மேக்கில் எனக்கு ஒரு சின்ன பாகம்

அன்புள்ள ஜைத் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் சிந்தாதிரிப்பேட்டையில் எல்லோரும் நலம், நீங்கள் அத்தா கடையில் விட்டுப்போன மேக் கம்ப்யூட்டரைத் தவிர. வாட்ஸ்அப்பில் சொன்னால் உடனே போன் செய்வீர்கள், எனக்குப் பேச வராது. அதனால்தான் கடிதம். கோபப்படாமல் படியுங்கள்.

ஒன்பதாவதோடு நின்றுபோன நான் வீட்டிலிருந்தே பத்தாவது எழுதப் பெயர் கொடுத்திருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பாட வீடியோக்கள் பழைய மேக்கில் திறக்கவே இல்லை. அதை மாற்றிப் புது சிஸ்டம் போட்டால் அத்தா கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிற சாஃப்ட்வேர் ஓடாது. அதனால் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, பெரிய பாகத்தில் பழையதை அத்தாவுக்கு அப்படியே விட்டு, சின்ன பாகத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தை எனக்குப் போட நினைத்தேன். அத்தாவிடம் கேட்க வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவர் பள்ளிவாசலுக்குப் போகிற நேரம் பார்த்துப் பென் டிரைவைச் செருகி ஆரம்பித்தேன், திரைமேல் துணியும் போட்டேன். தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அத்தா தொப்பியை எடுப்பார், செருப்பைத் தேடுவார், மெயின் சுவிட்சை அணைப்பார், ஷட்டரை இறக்குவார். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அன்றைக்கென்று மறந்துவிட்டேன். பேட்டரி இல்லாத மேஜை மேக், பாதியில் அணைந்தே போச்சு.

தொழுதுவிட்டு வந்து போட்டால் கறுப்புத் திரையில் நாலு வரி. “இன்னாம்மா, மிஷினு இங்கிலீஷ்ல திட்டுது?” என்றார் அத்தா. அன்றைக்குத்தான் வேலம்மாக்கா மகள் ஷீலாவின் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகணும். அந்தக்கா வாசல்லயே உக்காந்துகினு, “பாய், மாப்ள பேரு கீற இடத்துல வேற எவன் பேராவது வந்துடப் போவுது!” என்று ஒரே புலம்பல். கடைசியில் ஆப்ஷன் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தேன், எந்தப் பாகம் வேண்டும் என்று கேட்டது. பழைய பாகம் பத்திரமாக வந்தது, மாப்பிள்ளையும் இருந்தார். பத்திரிகை அச்சுக்குப் போயிடுச்சு.

ஆனால் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று, பத்தாவது உட்பட. அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை அண்ணே. எனக்குப் படிப்பும் வேண்டாம், பாகமும் வேண்டாம். அதை அழிப்பது எப்படி என்று மட்டும் எழுதுங்கள்.

அம்மா உங்களுக்காகத் துஆ செய்கிறார். ஷார்ஜா வெயிலில் தலையை மூடிக்கொண்டு போங்கள்.

உங்கள் தங்கை,
ஜுவேரியா

பி.கு.: அழிக்கும் வழி வேண்டாம், என் பாகத்தைப் பெரிதாக்கும் வழி சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை ஒட்டப்போகும்போது அத்தா கூப்பிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, லினக்ஸை முழுசாகப் போடவைத்தார். பிறகு என் பாகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பத்தாவதுக்கே இத்துனூண்டு எடம்னா, பன்னெண்டாவதெல்லாம் எங்கேம்மா வெப்ப?”