காலரில் மயிலாத்தாள்

சாயத்துறை நகரில், அரசர் அருள்மாறன் ஆட்சியின் ஒன்பதாம் ஆண்டு, ஆடி பதினேழாம் தேதி பகல் இரண்டு மணிக்கு, நான்காம் எண் தையல்கூடத்தில் மயிலாத்தாள் என்ற பெண் தன் மிஷின் மேல் சாய்ந்து இறந்தாள். வயது இருபத்தாறு. வெளிக்கதவு பூட்டியிருந்ததால் ஆறு மணிச் சங்கு ஊதும்வரை அவளை வெளியே கொண்டுவர முடியவில்லை.

மூன்று வரிசை தள்ளிப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அக்கா பாவாத்தாளுக்கு மறுநாள் ஒரே வேலைதான்: இறப்புச் சீட்டு வாங்குவது. சீட்டு இல்லாமல் சுடுகாட்டு இரும்புக் கதவு திறக்காது. அந்த நாட்டில் எதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு.

ஒழுங்கு வந்தது இப்படித்தான். முன்பெல்லாம் தலைநகரத்து மக்கள் துணிக்கடையில் நின்று கேள்வி கேட்பார்கள். இதைத் தைத்தவள் சாப்பிட்டாளா? சாயத் தண்ணீர் எங்கே போனது? கடைக்காரர்கள் விழித்தார்கள். அரசருக்கு மனம் பொறுக்கவில்லை. “நல்லவர்களைக் கேள்வியோடு தவிக்க விடுவது அரசுக்கு அழகல்ல” என்று கனிவுச் சட்டம் இயற்றினார். ஒவ்வொரு சட்டையின் காலரிலும் பச்சை இலை அச்சிட்ட ஒரு பட்டை. அதில் தைத்தவரின் பெயர். வாங்குபவர் காலரைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஆறு மாதத்தில், பார்த்த பிறகும் கேட்பது குற்றமானது. இலைக்கு ஏற்றிய சாயம் ஆற்றில் இறங்கி ஆறு பச்சையானபோது, பசுமைத் துறை அதைத் தன் சாதனைகளில் சேர்த்துக்கொண்டது.

பிறகு, பெயர்கள் அடிக்கடி மாறுவது வாங்குபவர்களை வருத்துவதாகத் தெரியவந்தது. போன வருஷத்துப் பெண் என்ன ஆனாள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனவே இரண்டாம் ஆணை: பட்டையில் ஏறிய பெயர் இனி இறங்கக் கூடாது, ஒரு கூடத்துக்கு ஒரு பெயர். நான்காம் கூடத்துக்கு மயிலாத்தாள் பெயர் வாய்த்தது. மூன்றாம் ஆணை சிக்கனத்துக்காக வந்தது. பட்டையில் உள்ள பெயர்களே குடிமக்கள் பட்டியல்; வாக்காளர் பட்டியலும் அதுவே. நான்காம் கூடத்தின் மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் அதன் பிறகு எங்கும் இல்லை.

பாவாத்தாள் போய் நின்றதும் பெயர் அலுவலர் ஏகாம்பரநாதர் பதிவேட்டைப் புரட்டினார்.

“மயிலாத்தாள் இன்று காலை மட்டும் நானூறு சட்டை தைத்திருக்கிறாள்.”

“அவளைப் பாயில கெடத்தியிருக்குதுங்க சாமி.”

“அது உன் கருத்து.” அவர் தன் காலரைத் திருப்பிக் காட்டினார். “நேற்று மாலை தைத்தது. இறந்தவள் தைப்பாளா? நீயே சொல்.”

“லேபிளக் கட்டுக்கட்டா அடிச்சு வெச்சிருக்காங்களே! ஆரு தெச்சாலும் அதத்தானுங்க வெக்கோணும்.”

வரிசையில் பின்னால் நின்ற மூட்டைக்காரர் சிரித்தார். “ஏனம்மிணி, உன்ற தங்கச்சி செத்தும் ஓவர்டைம் பாக்கறா. நாம உசுரோட இருந்து என்னத்தக் கிழிச்சோம்?”

“வாய மூடுங்க. அங்க ஐஸு கரைஞ்சிட்டிருக்குது.”

அலுவலர் பாவாத்தாளின் பெயரையும் தேடிப் பார்த்தார். பிறகு எழுத்தரிடம் திரும்பினார். “இல்லாத ஒருத்தி, இருக்கிற ஒருத்தி இறந்ததாகப் புகார் தருகிறாள். எந்தத் தலைப்பில் பதிவது?”

அப்போது தலைநகரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். இரண்டு நாள் பயணம், புடவை கசங்கியிருந்தது, கையில் ஒரு சட்டை. “இந்த மயிலாத்தாளை நேர்ல பாக்கணும். கேட்கக் கூடாதுன்னு தெரியும். பாக்கலாம் இல்லையா?”

சட்டம் வந்த நாளிலிருந்து காலரைத் தாண்டி வந்தவர் அவர் ஒருவர்தான். அலுவலர் எழுந்து நாற்காலி போட்டார். பாவாத்தாளை உள்ளறைக்கு அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அவர் முன்னால் நீதான் மயிலாத்தாள். சுடுகாட்டுச் சீட்டு இப்போதே எழுதித் தருகிறேன்.”

“சீட்டுல ஆரு பேருங்க?”

“உன் பெயர். பட்டியலில் இல்லாத பெயர் இறந்தால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.”

பாவாத்தாள் வெளியே வந்ததும் அந்த அம்மாள் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குற்றம் என்று தெரிந்தே கேட்டார். “உங்களை நல்லா வச்சிருக்காங்களா? எங்கிட்ட உண்மையைச் சொல்லலாம்.”

பாவாத்தாள் வாயைத் திறந்தாள். அறை வாசலில் அலுவலர் சீட்டின் ஈர மையை ஊதிக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் வெச்சிருக்காங்கம்மா.”

அம்மாளுக்குக் கண் கலங்கியது. ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்வதாகச் சொன்னார், சொன்னபடியே செய்தார்.

அன்று சாயங்காலம் சுடுகாட்டுக் கதவு திறந்தது. பாவாத்தாள் எரிக்கப்பட்டதாகப் பதிவானது.

ஐப்பசியில் தேர்தல் வந்தது. பாவாத்தாள் அரை நாள் விடுப்பு எடுத்து, மயிலாத்தாள் என்று பெயர் சொல்லி வரிசையில் நின்றாள். “உங்கள் வாக்கு காலை ஏழரைக்கே பதிவாகிவிட்டது, அம்மா” என்றார் சாவடி அலுவலர். மயிலாத்தாள் அன்று பதினோரு சாவடிகளில் வாக்களித்திருந்தாள். அரசர் அருள்மாறன் தொண்ணூற்றொரு விழுக்காடு வாக்குகள் பெற்று மீண்டும் வென்றார்.