சொன்ன நேரத்துக்கு வந்த ஆடுகள்

அன்று எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். பொள்ளாச்சியிலிருந்து ஆடு ஏற்றி வரும் லாரி எப்போது வரும் என்று ஆட்டு வியாபாரி ஹம்ஸாக்காவிடம் சொல்ல வேண்டும். அக்கா இல்லை; இங்கே முஸ்லிம் அண்ணன்களை 'இக்கா' என்பார்கள்.

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் லாரி புக்கிங் ஆபீஸில் நான் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டின் முதல் பி.காம். நான்தான். முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "யார் கேட்டாலும் நாளைக் காலையில வந்துரும்னு சொல்லு, செல்வி. வர்றப்ப வரும்."

எனக்குப் பொய் சொல்ல வராது!

எல்லை செக்போஸ்ட்டுக்குப் பக்கத்து ஓட்டலுக்கு டிரங்க்கால் போட்டேன். "அந்த வண்டியா? இப்பத்தான் தாண்டிச்சு" என்றார்கள்.

"இக்கா, நாளைக் காலையில வந்துரும். உறுதி!"

"ஆயிக்கோட்டே மோளே, ஆகட்டும்" என்று சிரித்துக்கொண்டே போனார் ஹம்ஸாக்கா. நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

காலையில் லாரி வந்தே விட்டது! ஹம்ஸாக்காவைக் காணோம். ஆட்டுப்பட்டியில் பூட்டு.

பக்கத்து மிளகுக் கடைச் சேட்டன் சொன்னார்: "அவரு ஆலுவாவுல மகள் வீட்டுக்குப் போயாச்சே. வர மூணு நாளாகும்."

"நாளைக்குன்னு சொன்னேனே!"

"உங்க ஆபீஸ்ல நாளைக்குன்னா மூணு நாள்தானே மோளே."

டிரைவர் கத்தினார்: "எனக்கு இஞ்சி லோடு காத்துட்டிருக்கும்மா! எங்க இறக்க?" பின்னால் கைவண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன.

"இங்க..." என்று இழுத்தேன். இங்கே எப்படி இறக்குவது என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் டிரைவர் லாரிக் கதவைத் திறந்துவிட, முதல் ஆடு ஆபீஸுக்குள் போய்விட்டது. மற்றவை கேட்கவா வேண்டும்!

முதலாளி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"செல்வி, என் நாற்காலியில யாரு?"

"ஹம்ஸாக்கா சரக்கு, சார்."

"அவர் மட்டும் கோவிச்சுட்டு வேற ஆபீஸ் போனாருன்னா, நீயும் வீட்டுக்குப் போயிடலாம்."

ஆலுவாவுக்கு ஆள் அனுப்பினோம். ஹம்ஸாக்கா வரும்வரை ஆடுகளோடு சேர்ந்து நானும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்தவர் ஒவ்வொரு ஆட்டையும் தடவிப் பார்த்தார்.

"படச்சோனே! ஒண்ணுகூட மெலியலையே! எப்பவும் வழியில பட்டினி கிடந்து எலும்பாத்தானே வரும்? முதலாளி, இனிமே இந்த மோள்கிட்டதான் கேப்பேன்."

எனக்கு உயிர் வந்தது. முதலாளி நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"லேட்டானா என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். நேரத்துக்கு வந்துட்டா என்ன செய்யணும்? அதை நீ யோசிச்சு வை."

நன்றாக யோசித்து வைத்திருக்கிறேன். அதற்கப்புறம்தான் ஒரு வண்டியும் நேரத்துக்கு வரவில்லை.