பத்துக்குப் பத்து ஜோடி

அதே ஜோடி, அதே கேள்விகள். அன்று பத்துக்குப் பத்து வந்தது, இன்று ஏன் இரண்டுதான் வருகிறது என்று வயரிங்காரருக்கு விளங்கவில்லை.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் டிவியில் வந்த, மனைவியைப் பற்றிய கேள்விகளுக்குக் கணவர் பதில் சொல்லும் தம்பதிப் போட்டி மறுபடி வருகிறது. முதல் நிகழ்ச்சிக்குப் பழைய வெற்றியாளர்களையே கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை படப்பிடிப்பு. அன்று வாங்கிய கேடயத்தைக் கூடத்தில் மாட்டி, தெருவில் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டிக்கெல்லாம் புத்தி சொல்லி வந்தவர் அவர். தோற்றால் தெருவில் தலைகாட்ட முடியாது.

புதிய முறைப்படி, மனைவி தன் பதிலை முதலிலேயே டேப்லெட்டில் தட்டிப் பூட்டிவிட வேண்டும். பிறகுதான் கணவர் வாய் திறக்கலாம். மகள் அப்படியே ஒத்திகை வைத்தாள்.

"அம்மாவுக்குப் பிடிச்ச நிறம்?"

"நீலம். எல்லாத் துணியும் நீலத்துலதானே வாங்கிக் குடுக்கறேன்."

"மஞ்சள்னு போட்டிருக்காங்கப்பா."

பழைய ஒளிப்பதிவைப் பார்த்துத் தன் பதில்களை மனப்பாடம் செய்தார். ஒன்றுதான் வந்தது. மனைவியிடமே பட்டியல் எழுதி வாங்கினார். அதில் பத்துமே தப்பு என்று திருத்தி, திருத்தியதைப் படித்தார். முட்டை விழுந்தது.

"மெஷின்லதான் கோளாறு" என்று டேப்லெட்டைக் கழற்றினார். அது செத்தது. அம்மாவைக் காகிதத்தில் எழுத வைத்தாள் மகள். மறுபடியும் முட்டை.

"காகிதத்துலயும் கோளாறாப்பா?"

"பழைய ஆட்டத்துல இந்தப் பூட்டுற வேலையே கிடையாது. நான் சொல்லுவேன், பச்சை விளக்கு எரியும்."

"யாரு எரிய விட்டாங்க?"

"நடுவருங்கதான். வேற யாரு?"

மகள் ஒளிப்பதிவை நிறுத்திக் காட்டினாள். அவரை மனைவிக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருந்தார்கள். வயரைக் கண்டால் அது எங்கே போகிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. விளக்கிலிருந்து வயர் வழியே விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். நடுவர் மேசையை அது தொடவேயில்லை. மேடை ஓரமாக வளைந்து, மனைவியின் மடியில் இருந்த சின்னப் பெட்டியில் போய் முடிந்தது. பெட்டியில் இரண்டு பொத்தான்கள்: பச்சை, சிவப்பு.

"நீயாடி அழுத்தின?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பின்ன? சிவப்பை அழுத்திட்டு உங்ககூட எப்படி வீட்டுக்கு வர்றது?"

"நிஜமா எத்தனை சரி?"

"ரெண்டு."

அவர் கேடயத்தின் பக்கம் திரும்பவில்லை. குரலை இறக்கிக் கேட்டார். "சனிக்கிழமைக்கு என்ன பண்றது?"

"அந்தப் பெட்டிய என் மடியில வெக்கச் சொல்லுங்க. பத்துக்குப் பத்து வாங்கித் தர்றேன்."