எண் காட்டுவதை அனுப்பாதே

கரோல் பாக், புது தில்லி
6-11-1986

சிரஞ்சீவி மைத்துனர் ரத்தினவேலுக்கு,

அத்தான் ஜோதிலிங்கம் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா தங்கமும் சௌக்கியம். நான் சௌக்கியம் என்பது எனக்கே தெரியும். உன் அக்கா சௌக்கியம் என்பதை அவள் சொல்லி எழுதுகிறேன், சரிபார்க்கவில்லை. சிங்கப்பூரில் எல்லோரும் நலம் என்று நீ எழுதியிருந்தாய். கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. காய்ச்சல் வந்து மறைக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் காருக்கு ஒரு பூஸ்ட் கேஜ் வாங்கி, அடுத்த மாதம் லீவில் வரும் உன் நண்பர் அழகர்சாமியிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தேன். எண் காட்டுகிற டிஜிட்டலா, ஊசி காட்டுகிற பழைய மாதிரியா என்று கேட்டிருந்தாய். ஊசிதான் மாப்பிள்ளை. எண் காட்டுவதை அனுப்பவே அனுப்பாதே. காரணம் எழுதாவிட்டால் நீ கடைக்காரன் பேச்சில் மயங்கிவிடுவாய், ஆகையால் முழுக்க எழுதுகிறேன்.

கார் ஒரு தூதரகத்து ஏலத்தில் எடுத்தது என்பது உனக்குத் தெரியும். முப்பது வருஷம் தில்லி பஸ்ஸில் இடிபட்ட உன் அக்காவை வெள்ளிக்கிழமைதோறும் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு உட்கார வைத்து அழைத்துப் போகவேண்டும், அதற்காகத்தான் வாங்கினேன். அவளோ, வாங்கிய நாளிலிருந்து அதில் கால் வைக்கவில்லை. ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது, வலப்பக்கம் உட்கார்ந்தால் நான்தான் ஓட்டுகிறேன் என்று ஊர் நினைக்கும் என்றாள். அது சாக்கு. நிஜக் காரணம் டர்போ. இன்ஜினுக்குள் காற்றை அடித்துத் திணிக்கிற சக்கரம் அது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உடனே ஒன்றும் நடக்காது. மிதித்ததையே நாம் மறந்த பிறகு, பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல வண்டி பாயும். திணிக்கிற காற்று பத்து பவுண்டைத் தாண்டினால் இன்ஜின் போச்சு. அதைக் காட்டத்தான் பூஸ்ட் கேஜ். "வெடிக்காதுன்னு நிரூபிங்க, ஏறுறேன்" என்று சொல்லிவிட்டாள் உன் அக்கா. நிரூபிக்கலாம் என்று பார்த்தால், டாஷ்போர்டில் அந்தக் கேஜ் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை! ரேடியோ இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, சிகரெட் சாம்பல்கூட இருக்கிறது. அதை மட்டும் அந்தத் தூதரகத்துக்காரன் ஏன் கழற்றினான்? அது எதைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது? யோசி.

மெக்கானிக் கிர்பால் சிங்கிடம் போனேன். "பாபுஜி, டிஜிட்டல் லகா லோ, ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றான், டிஜிட்டலையே மாட்டிக்கொள்ளவேண்டுமாம். நான் கேட்பதற்கு முன்பே சொன்னான், அதனால் சந்தேகம் வந்தது. விசாரித்தால், டிஜிட்டல் விற்கிற கடை அவன் மச்சானுடையது. இரண்டையும் இரவலாக மாட்டு, ஒன்றை ஒன்று வேவு பார்க்கட்டும் என்றேன். ஊசியை அந்த ஓட்டையில் மாட்டினான். அது கியர் கம்பிக்கு மேலே, எட்டிக் குனிந்தால்தான் தெரியும். எண் காட்டுவதை ஸ்டியரிங்குக்கு மேலே கண்ணுக்கு நேராக வைத்தான். விற்கவேண்டிய சரக்கை எங்கே வைத்திருக்கிறான் பார்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேள். ஊசிக்கு இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வருகிறது. காற்றே நேரில் வந்து ஊசியைத் தள்ளுகிறது. எண்ணுக்குக் காற்று வருவதே இல்லை, கம்பி வழியாகச் செய்திதான் வருகிறது. யார் அனுப்புகிற செய்தி? குடிநீர்ப் பம்பிங் ஸ்டேஷனில் முப்பத்தொரு வருஷம் மணிக்கொரு தடவை கேஜ் பார்த்து எழுதியவன் நான். விரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டாமல் எந்த ஊசியையும் நான் நம்பியதில்லை. தட்டினால் ஒட்டிக்கொண்ட ஊசி உண்மைக்கு வந்துவிடும். எண்ணைத் தட்டிப் பார்த்தேன், முழித்துக்கொண்டே இருக்கிறது. தட்டினாலும் அசையாதவனை எப்படி நம்புவது?

மூன்று மாதமாகச் சோதித்துவிட்டேன். சங்கர் ரோடிலும் சரி, தௌலா குவானிலும் சரி, ஒரே கதை. நிமிர்ந்து எண்ணைப் பார்த்தால் மூன்று. குனிந்து தட்டி ஊசியைப் பார்த்தால் ஏறி ஏறி ஒன்பது! வண்டியும் அதே நேரம் பாய்கிறது, ஆகவே ஊசி சொல்வதே நிஜம். பிரேக் போட்டு நிமிர்ந்து பார்த்தால், எண்காரன் ஒன்றும் தெரியாத பிள்ளையாக மறுபடி மூன்று. என் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்கிறதோ என்றுகூடத் தோன்றியது. சாட்சிக்கு ஆடிட் ஆபீஸ் பாலசுப்ரமணியத்தைப் பின்சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வைத்தேன். முதல் பாய்ச்சலிலேயே கண்ணை மூடிவிட்டார். நோட்டில் 'முருகா' என்று மட்டும் இருந்தது.

உன் அக்கா இன்னும் பஸ்ஸில்தான் போகிறாள். துணைக்கு நான் பின்னால் காரில் போகிறேன். முன்னால் லேடீஸ் சீட் காலியாக இருந்தாலும், வேண்டுமென்றே கடைசி சீட்டில் திரும்பி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு வருகிறாள். நான் முட்டிக்கொள்வதைப் பார்த்துச் சிரிக்கத்தான் என்று நினைக்கிறேன். எனக்கு மனசு வலிக்கிறது, மாப்பிள்ளை. அதனால்தான் சொல்கிறேன், நல்ல ஊசிக் கேஜாக அனுப்பு. பெட்டியை உடைக்காமல் அனுப்பு.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி. விமான அஞ்சலில் வருவதால் எடை குறைவாகத் தோன்றலாம், முழு ஆசிதான்.

இப்படிக்கு,
அத்தான் ஜோதிலிங்கம்

பின்குறிப்பு (வெள்ளி மாலை): கவரை ஒட்டுவதற்குள் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "எங்கே, அந்த ஊசியைப் பாக்குற மாதிரி நாற்காலியில உக்காந்து குனிஞ்சு காட்டுங்க" என்றாள். குனிந்தேன். என் வலது கால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோலத் தானாக முன்னால் அழுந்தி, கீழே இருந்த காப்பி டம்ளரைத் தள்ளியது.

"மூணு மாசமா பஸ்ஸு பின்கண்ணாடி வழியா பாக்குறேன். உங்க தலை கீழ போகுது, ஒரு மூச்சு கழிச்சு வண்டி பாயுது. கண்ணை எடுத்தா எங்கயாவது இடிச்சிருவீங்களோன்னு பயந்துதான் கடைசி சீட்டு" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவளே கீழே இறங்கிப் போய்க் காரில் ஏறி உட்கார்ந்தாள். மலை மந்திர் வரை நான் குனியவில்லை, அவள் தட்டிப் பார்த்தாள். ஊசியிலும் மூன்று, எண்ணிலும் மூன்று. திரும்பும்போது ஆளில்லாத இடத்தில் ஒரு தடவை வேண்டுமென்றே குனிந்து சரிபார்த்தேன். இரண்டிலும் ஒன்பது என்று கத்தினாள்.

ஆகவே டிஜிட்டலையே அனுப்பு. எண் என்றால் அவளுக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமலே தெரிகிறதாம், அவள் பக்கம் மாட்டவேண்டுமாம். வலப்பக்கம் அவளைப் பார்த்துவிட்டு, கரோல் பாக் முழுக்கத் தங்கம்தான் ஓட்டுகிறாள் என்று பேசுகிறார்கள். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.