பேரனுக்கு யார் பெயர்?

மதிப்பிற்குரிய சம்பந்தி எபமினோண்டாஸ் அவர்களுக்கு,

கலமாட்டாவிலிருந்து திரசிவூலோஸ் எழுதுவது. இங்கே நானும் என் முட்டிவலியும் நலம். வோலோஸில் நீங்களும் உங்கள் சர்க்கரையும் நலமா?

மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் வைப்பதுதான் நம் கிரேக்க வழக்கம். உங்கள் வீட்டில் பெண் எடுத்திருந்தால் நீங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா, பேச்சே வந்திருக்காது. என் மகன் ஸ்டாத்திஸ் உங்கள் மகன் மீனாஸைக் கட்டிக்கொண்டான். அவர்கள் தத்தெடுத்த லூகாஸுக்கு இரண்டு அப்பா. ஆக, நாம் இருவருமே அப்பாவைப் பெற்றவர்கள். ஆணும் ஆணும் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டவர்கள் இதை யோசிக்கவே இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு நான் வயிற்றுவலி என்று வராமல் இருந்ததும், நீங்கள் இரண்டு மணி நேரம் ஆடியதும் வேறு விஷயம். வயிற்றுவலி பொய். அது இன்றும் உறுத்துகிறது.

தத்துத் தாள் கைக்கு வந்த நாள்முதல் பையனைப் பழக்கினேன். "திரசிவூலோஸ்!" என்றதும் திரும்பினால் ஒரு மிட்டாய். இதில் என்ன தப்பு? நீங்க ஈஸ்டருக்கு வந்து, என் முதுகுக்குப் பின்னால "எபமினோண்டாஸ்!"னு கூப்பிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கீங்க. நாலு வயசுப் பையன், எந்தப் பேருக்குத் திரும்பினாலும் தின்ன ஏதாவது கிடைக்கும்னு முடிவு பண்ணிட்டான். போன சனிக்கிழமை சந்தையில ஒரு அம்மா "யோர்கோ!"ன்னு தன் பிள்ளையைக் கூப்பிட, நம்ம பையன் என் கையை உதறிட்டு, உள்ளங்கையை நீட்டிக்கிட்டு ஓடினான். கூட்டத்துல காணோம். நான் என் பேரைச் சொல்லிக் கத்தறேன், மீன்காரன் "என்ன தாத்தா, உங்க பேரையே கூவிக்கிட்டு அலையறீங்க, தொலைஞ்சு போயிட்டீங்களா?"ங்கறான். வேற வழியில்லாம உங்க பேரையும் கத்தினேன். ஒண்ணும் நடக்கல. நாற்பது வருஷம் மலைப்பாதையில பஸ் ஓட்டினவன் நான், முட்டிவலியோட ஒவ்வொரு கடை மேஜைக்கு அடியிலயும் குனிஞ்சு தேடினேன். ஸ்டாத்திஸ் ஓடி வந்து ஒரே ஒரு தடவை "லூகாஸ்!"ன்னான். ஆலிவ் பீப்பாய்க்குப் பின்னாலேர்ந்து பையன் அழுதுகிட்டே வந்து அவனைக் கட்டிக்கிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டாத்திஸ் சொன்னான்: "அப்பா, நாலு வருஷத்துல அவன் மூணு இடம் மாறியாச்சு. கட்டில் மாறுச்சு, பார்த்துக்கிட்டவங்க மாறினாங்க. கூடவே வந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் மிட்டாயைக் கொடுத்துப் பிடுங்கணுமா?" சட்டைப்பையில இருந்த மிட்டாயையெல்லாம் எடுத்து மேஜைமேல வெச்சேன். நீங்க இருந்திருந்தா ஐஸ்கிரீமைக் கீழே வெச்சிருப்பீங்க.

இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. தவறு ஐஸ்கிரீமில்தான் ஆரம்பித்தது. பாதிரியார் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டுவிட்டார். வரும் ஞாயிறு ஞானஸ்நானத்தில் என் பெயரே வைக்கப்படும். தாங்கள் பெருந்தன்மையோடு விலகிக்கொள்ளவும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாதா உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும், உங்களையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
திரசிவூலோஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது பையன் வந்து, "திரசிவூலோஸ்னா யாரு தாத்தா?"ன்னான். "நான்தான்"னேன். பாவமாப் பார்த்தான். "கஷ்டமான பேரு. என் பேரைத் தரேன், வெச்சுக்கோ"ன்னுட்டு, "லூகாஸ்!"னு என்னைக் கூப்பிட்டான். திரும்பிட்டேன். மிட்டாய்கூடக் கேட்கல. பாதிரியாருக்குப் போன் பண்ணி, பையன் பேர் அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை சீக்கிரமே வந்துடுங்க. உங்களுக்கும் அதே பேரைத்தான் வைக்கப் போறானாம்.